துண்டுச் சீட்டு

சிறிதாய்த் தொடங்கிய தொழில் பெருகும்போது, ஆட்களை எவ்வாறு சேர்ப்பது என்னும் வினா எழுவது இயல்பே. இலங்கை மலைநாட்டுத் தோட்டத் துரைமார் இவ்வினாவுக்குக் கண்ட விடை கங்காணி முறையாகும்.

கோப்பித் தோட்டங்களுக்கு அறுவடைக் காலத்திலேயே ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர். தென்னிந்தியாவிலிருந்து வந்தோரிற் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. ஆகவே நிலையான தொழிலாளர் வேண்டியவராயினர்.

துரை கங்காணியிடம் முற்பணம் கொடுப்பார். கங்காணி தம் ஊருக்குச் சென்று உற்றாரையும் அயலாரையும் திரட்டி வருவார். வழிச்செலவு முதலியன தொழிலாளியின் பெயரிற் கடனாய் ஏறும். வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைக்கும்.

வேறு தோட்டம் செல்வதற்குத் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் கங்காணியையும் அவர் கூட்டத்தையும் விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே அது. புதிய துரை அத்தொகையைச் செலுத்துவார். ஆயினும் கடன் தீர்ந்ததா? இல்லை; தொழிலாளியுடன் அதுவும் புதிய தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தது.

1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1923 முதல் ஆட்சேர்ப்புச் செலவைத் தோட்டங்களின் பொது நிதி ஏற்றது. ஆள் சேர்க்கும் செலவு தொழிலின் செலவேயன்றித் தொழிலாளியின் கடனன்று என்பதை ஏற்க, அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது.