வைத்தியர் கட்டிலில் படுத்த கதை

1932 ஜனவரியில் புடாபெஸ்ட் நகரில் ஷாண்டோர் ஃபெரென்சி ஒரு குறிப்பேடு எழுத ஆரம்பித்தார். அப்போது அவருக்கு 58 வயது. ஃப்ராய்டின் மிக நெருங்கிய சகா, 1909-ல் அவரோடு அமெரிக்கா வரை போய்வந்தவர். மற்றவர்களால் குணப்படுத்த முடியாத நோயாளிகள் இவரைத்தான் தேடி வருவார்கள்.

அன்றைய உளப்பகுப்பாய்வில் வைத்தியர் ஒரு கண்ணாடி மாதிரி இருக்கணும். நோயாளி கட்டிலில் படுத்துப் பேசுவார், இவர் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்பார். தன் மனசில் என்ன ஓடுகிறது என்று மூச்சு விடக்கூடாது.

குறிப்பேட்டில் 'ஆர்.என்.' என்று வரும் நோயாளி எலிசபெத் செவர்ன் என்ற அமெரிக்கப் பெண். சிறுவயதுக் கொடுமைகளின் நினைவுகள் அவருக்குச் சிகிச்சையில்தான் மேலே வந்தன. ஃபெரென்சி நேரத்தைக் கூட்டினார், ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தார், விடுமுறைக்குப் போகும்போதுகூட அவரைக் கூட்டிப்போனார். ஒன்றும் நகரவில்லை. கடைசியில் செவர்னே சொல்லிவிட்டார்: உங்களுக்கு என்மேல் வெறுப்பு இருக்கிறது, அதை நான் ஆராயணும். ரொம்ப நாள் மறுத்துப் பார்த்துவிட்டு, ஃபெரென்சி தானே கட்டிலில் படுத்தார்.

செவர்ன் சொன்னது சரிதான். தோண்டிப் பார்த்தால், அந்த வெறுப்புக்கு அடியில் தன்னைக் கண்டிப்போடு வளர்த்த அம்மாவின் மேல் இருந்த பயமும் கோபமும் கிடந்தன. அதை வாய்விட்டு ஒத்துக்கொண்டதும் செவர்ன் அமைதியானார், இவருடைய கசப்பும் குறைந்தது.

இதிலிருந்து அவர் வந்து சேர்ந்த இடம்தான் முக்கியம். குழந்தைக்கு நடந்த கொடுமை பாதிக் காயம்தான். பெரியவர்கள் 'அப்படி எதுவும் நடக்கல' என்று சாதிப்பது மீதிப் பாதி. குழந்தை தன் கண்ணையே சந்தேகிக்கிறது, செய்தவனின் குற்ற உணர்ச்சியையும் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது. சலிப்பை மறைத்துச் சிரிக்கிற வைத்தியர் அதே நாடகத்தைத்தானே திரும்ப நடத்துகிறார்?

1932 செப்டம்பரில் வீஸ்பாடன் மாநாட்டில் இதைக் கட்டுரையாக வாசித்தார். முன்கூட்டியே கேட்ட ஃப்ராய்டு, வெளியிட வேண்டாம் என்றார். 1933 மே 22-ல் ஃபெரென்சி ரத்தசோகை நோயால் இறந்தார். கட்டுரை ஆங்கிலத்தில் வர 1949 ஆனது. போதாததற்கு, எர்னஸ்ட் ஜோன்ஸ் 1957-ல் வந்த ஃப்ராய்டு வரலாற்றில், ஃபெரென்சிக்குக் கடைசிக் காலத்தில் புத்தி பேதலித்திருந்தது என்று எழுதிவைத்தார். மாணவர் மைக்கேல் பாலின்ட் மறுத்தார். ஆனாலும் அந்த முத்திரை பல வருஷம் போகவில்லை. உண்மை சொன்னவரைப் பைத்தியம் என்பது, கட்டுரையில் அவர் விவரித்த அதே வேலைதான் என்று எனக்குப் படுகிறது.

அதற்காக அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. வைத்தியர் மனம்விட்டுப் பேசினால் மற்ற நோயாளிகளின் ரகசியமும் வெளியே வருமே, எல்லா நோயாளியிடமும் போய்ப் படுக்க முடியுமா என்ற கேள்விகளை அவரே எழுதி வைத்திருக்கிறார். செவர்ன் 1933 தொடக்கத்தில் புடாபெஸ்ட்டை விட்டுக் கிளம்பியபோது குணமாகிப் போகவில்லை.

பாலின்ட் பத்திரப்படுத்திய குறிப்பேடு 1985-ல் பிரெஞ்சிலும் 1988-ல் ஆங்கிலத்திலும் வந்தது. அதற்குள் நியூயார்க்கில் ஸ்டீஃபன் மிட்செல் போன்றவர்கள், நோயாளியும் வைத்தியரும் சேர்ந்து உண்டாக்குகிற உறவுதான் சிகிச்சையின் களம் என்று எழுத ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் கையில் இந்தக் குறிப்பேடு ஐம்பது வருஷம் தாமதமாகக் கிடைத்தது.