தகவமைப் பறப்புக் கட்டுப்பாடு

விமானத்தின் உணரியோ, கட்டுப்பாட்டுப் பரப்புகளை அசைக்கும் இயக்கியோ பழுதானால், பறக்கும்போதே அதை உணர்ந்து, எஞ்சியவற்றைக் கொண்டு விமானத்தை நிலைநிறுத்தும் முறை. உணரிப் பழுது ஒப்பளவில் எளிது: ஒன்றையே பல உணரிகள் அளக்கும், மற்றவற்றோடு முரண்படுவதைக் கணினி ஒதுக்கும். இயக்கி செயலிழந்தாலோ விமானத்தின் இயல்பே மாறிவிடும். கட்டுப்பாட்டு விதியையே திருத்த வேண்டும்.

அமெரிக்காவின் எக்ஸ்-15 ஏவூர்தி விமானத்தில் இருந்த எம்.எச்.-96 என்ற கட்டுப்பாட்டுக் கருவி இதன் முன்னோடி. 1967 நவம்பர் 15 அன்று விமானி மைக்கேல் ஆடம்ஸ் இறந்த விபத்தில் அந்தக் கருவிக்கும் பங்குண்டு. சுழலிலிருந்து மீண்ட விமானம் கடுமையாக அலைவுற்றபோது, தன் திருத்தங்களின் வலிமையைக் குறைத்திருக்க வேண்டிய கருவி குறைக்கவில்லை.

இத்துறைக்குப் புது வேகம் தந்தது 1989 ஜூலை 19 விபத்து. யுனைட்டெட் 232 (டி.சி.-10) விமானத்தின் வால் எஞ்சின் வெடித்துச் சிதறியதில் கட்டுப்பாட்டுப் பரப்புகளை அசைக்கும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. மீதி இரண்டு எஞ்சின்களின் உந்துவிசையைக் கூட்டியும் குறைத்துமே விமானிகள் சூ சிட்டி வரை வந்தார்கள். இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தது வியப்புதான். அந்தக் கைவேலையைக் கணினிக்குக் கற்பித்தது நாசாவின் டிரைடன் மையம். 1995 ஆகஸ்ட் 29 அன்று எட்வர்ட்ஸ் தளத்தில் எம்.டி.-11 விமானம் ஒன்று எஞ்சின் விசையை மட்டும் கொண்டு தரையிறங்கியது. ஓட்டியவர் கார்டன் ஃபுல்லர்ட்டன்.

பின்னர் நாசா எஃப்-15 போர் விமானம் ஒன்றில் நரம்பியல் வலையமைப்பைப் பொருத்தி, வால்பரப்பு அசையாமல் நின்றுவிட்டது போன்ற செயற்கைப் பழுதுகளில் சோதித்தது. இப்படிப் பறக்கும்போதே கற்கும் மென்பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே மெய்ப்பிப்பது கடினம். பயணிகள் விமானச் சான்றளிப்பில் இதுவே பெருந்தடை.