தீவின் பெயரில் ஒரு காற்புள்ளி

ஆங்கிலப் பெயரின் ஈற்றில் நிற்கும் ‘எஸ்’ பன்மையோ, உடைமையோ, பெயரின் உறுப்போ என மாணவர் மயங்குவது இயல்பே. உடைமையாயின் அதன்முன் ஒரு காற்புள்ளியை உயர இடுவர் ஆங்கிலேயர். தமிழில் எழுதுங்கால் அப்புள்ளி மறைந்து, எங்கும் ‘ஸ்’ ஒன்றே எஞ்சுகிறது.

1858இல் பெயர் மாறிய வணிகச் சதுக்கமாகிய ‘ராஃபிள்ஸ் பிளேஸ்’ என்பதில் அவ்வெழுத்து பெயரோடு பிறந்தது. ராஃபிள் என்பார் பலர் இருந்தனர் என்று கொள்ளற்க!

அந்த ராஃபிள்ஸ் 1819 ஜனவரி 28இல் நங்கூரமிட்டது செயின்ட் ஜான்ஸ் தீவருகே. இங்குள்ள ‘எஸ்’ உடைமைப் பொருளது, புள்ளியும் உண்டு. தீவு யோவான் என்னும் அடியாருடையது என்பதே அதன் பொருள். ஆனால் மலாய்க்காரர் அதனை ‘பூலாவ் சகிஜாங் பெண்டேரா’ என்றனர். கிஜாங் என்பது ஒருவகை மான். ‘சகிஜாங்’ என்னும் ஒலியே ஆங்கிலேயர் செவியில் ‘செயின்ட் ஜான்’ ஆயிற்று என்பர். அங்ஙனமாயின், செவிப்பிழை ஒன்றுக்கு ஆறாம் வேற்றுமை உருபு கிடைத்தது என்க! மானை இழந்த தீவு அடியாரின் உடைமையாயிற்று.

1874இல் அங்கே நோய்த்தடுப்புக் காவல் நிலையம் அமைந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மேற்றளத்தில் பயணம் செய்து வந்த நம்மவருள் பலர், சிராங்கூன் சாலையைக் காணுமுன் நாட்களைக் கழித்தது அத்தீவில்தான்.