எண்ணும் ஊரும்

ஊரின் பெயரைச் சொல்லாமலேயே ஊரை உணர்த்தும் ஆற்றல் தொலைபேசி எண்ணுக்கு உண்டு. 044 என்றால் சென்னை. 04175 என்றால் திருவண்ணாமலை. ஜவ்வாது மலைக்கோ தனிக் குறியீடு வாய்க்கவில்லை. ஜமுனாமரத்தூர் போளூரின் 04181-ஐயும், விண்ணாய்வு நிலையம் அமைந்த காவலூர் வாணியம்பாடியின் 04174-ஐயும் பெற்றன. ஒரே மலை, சமவெளியின் இரு ஊர்களைச் சார்ந்து நின்றது.

இம்மலையில் பிறக்கும் சேயாற்றையும் செங்கத்து நன்னனையும் பாடும் மலைபடுகடாம் ஓர் ஆற்றுப்படை நூல். ஒருவரைச் சென்றடைவதற்கு அவர் வாழும் நிலத்தையும் அதற்குரிய வழியையும் அறிந்திருக்க வேண்டும் என்பதே ஆற்றுப்படையின் அடிப்படை. தொலைபேசித் துறையும் நெடுங்காலம் இதே கொள்கையில்தான் இயங்கியது எனலாம்.

1882-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் இணைப்பகங்கள் தோன்றின. 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே நேரடித் தொலைதூர அழைப்பு தொடங்கியது. அம்முறையில் எண் என்பது செப்புக் கம்பி சென்று முடியும் இடத்தின் பெயர். கம்பி ஏற மறுக்கும் மலைகள் எண்ணின்றியே கிடந்தன. 1984-இல் நிறுவப்பட்ட சி-டாட், குளிரூட்டல் தேவைப்படாத சிற்றூர் இணைப்பகத்தை வடிவமைத்தது. 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் அது முதன்முதலாக நிறுவப்பட்டது.

இணையத் தொலைபேசி இவ்வுறவை அறுத்தது. குரல் சிறு தரவுப் பொட்டலங்களாகப் பிரிந்து செல்வதால், எண் ஒரு கணினியில் பதிந்த அடையாளமாக மட்டுமே எஞ்சுகிறது. அமெரிக்காவில் 2000-களின் தொடக்கத்திலேயே வோனேஜ் போன்ற நிறுவனங்களிடம் விரும்பிய ஊரின் எண்ணைப் பெற முடிந்தது. அந்தச் சிறு கருவியை இணையம் உள்ள எந்த வீட்டிலும் பொருத்தலாம்.

இந்தியா இதில் தயங்கியது. 2002 ஏப்ரல் 1 முதல் இணையத் தொலைபேசி அனுமதிக்கப்பட்டது. ஆயினும் கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசியை அழைக்கலாம், உள்நாட்டுத் தொலைபேசியை அழைக்கலாகாது என்பது விதி. நியூயார்க்குக்குத் திறந்த கதவு போளூருக்கு மூடியிருந்தது. 2017-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பரிந்துரைத்து, 2018-இல் அரசு ஏற்ற பின்னரே இந்நிலை மாறியது. அவ்வாண்டு ஜூலையில் பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்' சேவையை அறிவித்தது.

இடத்தைத் துறந்த எண்ணுக்கு விலையும் உண்டு. அமெரிக்காவில் இணையத் தொலைபேசியில் அவசர உதவியை அழைத்தோரின் வீடு எதுவென்று அறிய இயலாத நிலை எழுந்தது. 2005-இல் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம், அழைப்பவரின் இருப்பிடத்தையும் சேர்த்து அனுப்புமாறு ஆணையிட்டது.

இன்று ஒளியிழை வழியாக வரும் வீட்டுத் தொலைபேசியில் குரல் இணைய முறையில் பயணிக்கிறது. எண்ணோ பழைய ஊர்க் குறியீட்டையே தாங்கி நிற்கிறது. இதைப் பழமையின் எச்சம் என்று தள்ளிவிட நமக்கு மனமில்லை. சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் மலையில், 04181 என்னும் குறியீடு வட்டாரத்தை மட்டுமே காட்டும்; வீட்டைக் காட்டாது. எண்ணுடன் இருப்பிடமும் சரியாகப் பதிவாகும்போதுதான் நள்ளிரவில் அழைக்கும் மலைவாழ் குடும்பத்தை உதவி சென்றடையும். வழி சொல்லும் பொறுப்பு இன்னும் தீர்ந்துவிடவில்லை.