தில்லையின் முதற்பாடம்

ரோலர் ஸ்கேட்டிங் என்னும் சக்கரக் காலணி நடனத்தைப் பழகவரும் குழந்தைக்கு ஆசான் முதல் நாளன்று சொல்லிக்கொடுப்பது ஓடுவதையும் சுழல்வதையும் அன்று. முழங்காலை மடித்து, உடலின் பாரத்தை இரு பாதங்களிலும் சமமாக இறக்கி, விழாமல் நிற்பதையே. 1863-ல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளிம்ப்டன், உடல் சாயும் பக்கத்துக்குச் சக்கரங்களும் வளைந்து கொடுக்குமாறு நான்கு சக்கரக் காலணியை அமைத்த பிறகே, அதுவரை வளைந்து திரும்புவதற்கே வருந்திய அவ்வித்தை வட்டமிடவும் தாளத்துக்கு ஆடவும் எளிதாயிற்று. 2010-ல் குவாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் அனூப் குமார் யாமா இவ்வகை ஆடலில் இந்தியாவுக்கு வெண்கலப் பதக்கம் பெற்றுத் தந்தார். ஆயினும் அந்த முதற்பாடத்தைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் கடலூர்ச் சீமையின் பழைய ஆடற்கல்வியிடமே செல்கிறது. ஏனெனில், சக்கரமும் சலங்கையும் இல்லாத வெறுங்காலோடு அரைமண்டியில் அமர்ந்து, தட்டடவின் முதல் அடியை மிதிக்கும் குழந்தை கற்பதும் இதே நிலையைத்தான்.

அச்சீமையில், தில்லை எனப்படும் சிதம்பரத்துக் கோயிலின் கிழக்குக் கோபுர வாயிலில் நுழைகிறவர், பெரும்பாலும் கூத்தப்பெருமானைக் காணும் ஆவலில் விரைந்து சென்றுவிடுகிறார். இருபுறச் சுவர்களிலும் வரிசை வரிசையாக நிற்கும் சிறுசிறு ஆடற்பெண்களை நின்று பார்ப்பவர் சிலரே. பரதமுனிவர் நாட்டிய சாஸ்திரத்தின் நான்காம் அத்தியாயத்தில் இலக்கணம் வகுத்த 108 கரணங்களே அவை. மலர் தூவி வணங்கும் பாவனையான தலபுஷ்பபுடத்தில் தொடங்கிக் கங்காவதரணத்தில் முடியும் அவ்வரிசையில், கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் ஒவ்வொரு கரணத்துக்கும் உரிய சுலோகமும் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. சிற்பமும் சூத்திரமும் ஒருங்கே நிற்கும் இவ்வேற்பாட்டைக் காணும்போது, கல்லில் எழுதிய ஒரு பாடபுத்தகத்தையே நம் முன்னோர் வாயிலில் விரித்துவைத்தனர் என்று எனக்குத் தோன்றுகிறது. 13-ஆம் நூற்றாண்டில் சேந்தமங்கலத்திலிருந்து ஆண்ட காடவர் கோன் கோப்பெருஞ்சிங்கன் இத்தலத்துத் திருப்பணிகளில் ஈடுபட்டவன். பரதத்தில் வல்லவன் என்னும் பட்டத்தையும் விரும்பிப் பூண்டவன். விருத்தாசலத்துக் கோபுரங்களிலும் கரணச் சிற்பங்கள் உண்டு.

ஆனால் கல் எவருக்கும் ஆடக் கற்பிப்பதில்லை. கரணம் என்பது கையும் காலும் இயைந்து நிகழும் ஓர் அசைவு. சிற்பி அதில் ஒரு கணத்தை மட்டுமே பிடித்துவைக்க முடியும். அதற்கு முன் வந்த கணமும் பின் வரும் கணமும் நட்டுவனாரின் நாவிலும் தட்டுக்கழியிலும் வாழ்ந்தன. தட்டுமணையின் முன் அமர்ந்து, சொற்கட்டுகளை முதற்காலத்திலும் இரண்டாங்காலத்திலும் மூன்றாங்காலத்திலும் சொல்லித் தட்டி, குழந்தையின் முழங்கால் அரைவிரற்கிடை உயர்ந்தாலும் பொறுக்காமல் மறுபடி தொடக்கத்திலிருந்து ஆடச் செய்த அந்த ஆசான்களின் உழைப்பு, கோபுரம் கட்டிய மன்னனின் உழைப்புக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

அவர்களுள் தலைசிறந்த ஒருவர் இந்தச் சீமையினர். சிதம்பரத்துக்குத் தென்மேற்கே, வீராணம் ஏரிக்கரையை அடுத்த காட்டுமன்னார்கோயில், திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்து இசையோடு வழங்கிய நாதமுனிகள் அவதரித்த ஊர். அவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கியவரே நட்டுவனார் முத்துக்குமாரப் பிள்ளை. 1932-ஆம் ஆண்டளவில் சென்னையில் தேவதாசியர் ஆடிவந்த சதிரைப் பற்றிய வாதம் மூண்டு, மியூசிக் அகாடமி அக்கலைக்குப் பரதநாட்டியம் என்ற பெயரை ஏற்று, 1936-ல் கலாக்ஷேத்திரமும் தோன்றிய அக்காலத்தில், அதுவரை தேவதாசியர் குலத்தார் அல்லாதார் தொடத் தயங்கிய வித்தையைக் கற்கப் பிற குடும்பத்துப் பெண்களும் முன்வந்தபோது, கற்பிக்கும் வல்லமை சில கிராமத்துக் குடும்பங்களிடமே எஞ்சியிருந்தது. முத்துக்குமாரப் பிள்ளை முதிய வயதில் அப்பணியை ஏற்றார். ருக்மிணி தேவியும், மிருணாளினி சாராபாயும், சிறுமியாக வந்த எம். கே. சரோஜாவும் அவரிடம் பயின்றவர்கள். உலகெங்கும் மேடையேறிய அந்தக் கால்களின் அடிப்படை, ஓர் ஏரிக்கரை ஊரின் சம்பிரதாயத்திலிருந்து வந்தது.

1947-ல் தேவதாசி முறையைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. பெண்களை ஒரு பழைய கட்டினின்று விடுவித்த அச்சட்டம் வேண்டியதே என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும், கோயிலையே பள்ளியாகக் கொண்டு தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த மகளிர், தாங்கள் காத்த கலை பெருமை பெற்ற வேளையில் அந்தப் பெருமையில் தங்களுக்குரிய பங்கைப் பெறவில்லை என்பது மறைக்கத்தகாத துயரம்.

நூலறிஞர்களும் இதற்கிடையே சும்மா இருக்கவில்லை. 1926-ல் பரோடாவில் நாட்டிய சாஸ்திரத்தின் முதற்பாகத்தைப் பதிப்பித்த மானவல்லி இராமகிருஷ்ண கவி, சிதம்பரத்துக் கரண உருவங்களை அதில் சேர்த்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் போதித்த பி. வி. நாராயணசாமி நாயுடு, வேறு இருவருடன் சேர்ந்து 1936-ல் வெளியிட்ட ‘தாண்டவ லக்ஷணம்’ இச்சிற்பங்களைப் படங்களோடு உலகறியச் செய்தது. தம் துறைக்குப் புறம்பான ஒரு கலையின்மேல் பொருளியல் ஆசிரியர் ஒருவர் இத்துணை சிரத்தை கொண்டதற்கு, கோயில் அவர் வாழ்ந்த ஊரிலேயே இருந்தது காரணமாகலாம். பின்னாளில் பத்மா சுப்பிரமணியம், கரணம் நிலையன்று, இயக்கமே என்று வாதிட்டு அவற்றை ஆடியும் காட்டினார். 1981 முதல் மகாசிவராத்திரியை ஒட்டி இங்கே நாட்டியாஞ்சலி விழா நடந்துவருகிறது; நாட்டின் பல திசைகளிலிருந்தும் ஆடுவோர் அப்போது தில்லைக்கு வருகின்றனர்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் குழந்தைகளுக்கு ஆடல் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் கட்டுவது சலங்கையாயினும் சக்கரக் காலணியாயினும், முழங்காலை மடித்து நிற்கச் சொல்லும் அந்த முதல் நாளுக்கு முன்பாக ஒரு காலை வேளையில் மாணாக்கரைக் கிழக்குக் கோபுர வாயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள பெண்ணுருவங்களின் கால்களைப் பார்க்கச் செய்யுங்கள். காட்டுமன்னார்கோயில் முத்துக்குமாரப் பிள்ளையின் பெயரையும் அங்கேயே சொல்லிக்கொடுங்கள்.