பெரம்பூரில் உயிர்பெற்ற இரு எஞ்சின்கள்

பாரிவாக்கத்திலிருந்து இரயிலேற ஆவடிக்குச் செல்வோர் காத்து நிற்கும் அந்த இருப்புப்பாதை, தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் பாதையாகும். 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திற்கும் வாலாஜா ரோட்டிற்கும் இடையே பயணியர் போக்குவரத்து தொடங்கியது இவ்வழியேதான். ஆனால் நாம் இங்கு நினைவுகூர விரும்பும் எஞ்சின்கள் அப்பாதையினும் மூத்தவை.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன் நிறுவனம் 1855-ஆம் ஆண்டு கட்டி முடித்த அவை, கிழக்கிந்திய இரயில்வேக்காக வங்கம் வந்தன. 22 என்னும் எண் கொண்ட எஞ்சினுக்கு 1895-இல்தான் 'ஃபேரி குயின்' என்ற பெயர் வாய்த்தது. 26 டன் எடை, 130 குதிரைத்திறன், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம். இன்றைய மின்சார இரயிலின் அருகே விளையாட்டுப் பொருளெனவே தோன்றும். 1909-இல் இரண்டும் ஓய்வு பெற்றன. ஃபேரி குயின் ஹவுராவிலும், 1943 முதல் சந்தௌசிப் பயிற்சிப் பள்ளியிலும் காட்சிப்பொருளாய் நின்று, பின்னர் தில்லி இரயில் அருங்காட்சியகத்தை அடைந்தது.

அகலப் பாதையில் நீராவியின் காலம் 1995 டிசம்பரில் முடிந்தது. அதற்கு அடுத்த ஆண்டே இம்மூதாட்டியை ஓட வைக்கும் பொறுப்பு பெரம்பூர் லோகோ பணிமனைக்கு வந்தது. காலத்தின் கணக்கு இவ்வளவு துல்லியமாக வாய்ப்பது அரிது. கொதிகலனின் தகடு எங்கே மெலிந்துள்ளது என்பதைச் சுத்தியல் தட்டிய ஓசையைக் கொண்டே அறியும் கைகள் அப்போது பணியில் இருந்தன. பத்தாண்டுகள் தாழ்த்தியிருந்தால் அவர்களுள் பெரும்பாலோர் ஓய்வு பெற்றுச் சென்றிருப்பர். தேய்ந்த பாகத்தை அளந்து, புதிதாய்க் கடைந்து பொருத்துவதன்றி வேறு வழியில்லை, ஏனெனில் நூற்றாண்டைக் கடந்த எஞ்சினுக்கு உதிரிப்பாகம் எந்தக் கடையில் கிடைக்கும்?

இத்தனை பாகங்கள் மாறிய பின்னும் அது பழைய எஞ்சின்தானா எனச் சிலர் வினவுவர். ஓடிய காலத்திலேயே கொதிகுழாய்களும் சக்கரப் பட்டைகளும் பன்முறை மாற்றப்பெறுவது நீராவி எஞ்சினின் இயல்பு. ஆகவே இவ்வினா எனக்குப் பெரிதாகப் படவில்லை.

88 ஆண்டுகளுக்குப் பின், 1997 ஜூலை 18 அன்று ஃபேரி குயின் மீண்டும் ஓடியது. 1998-இல் கின்னஸ் நூல் அதனை உலகில் முறையாக இயங்கும் எஞ்சின்களுள் மிகப் பழமையானதாகப் பதிவு செய்தது. பெரம்பூர்த் தொழிலாளர் எவரின் பெயரையும் அந்தப் பெருமையோடு சேர்த்து நாம் கேட்டதில்லை. 2011-இல் கயவர் சிலர் அதன் பாகங்களைத் திருடிச் சிதைத்தபோதும், அது பழுது நீங்க வந்த இடம் பெரம்பூரே.

உடன்பிறப்பான 21-ஆம் எண் எஞ்சினின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பாகங்கள் பல கழன்று, ஒரு நூற்றாண்டு அசையாமல் நின்ற அதனையும் இப்பணிமனையே மீட்டெடுத்தது. 2010 ஆகஸ்ட் 15 அன்று அது சென்னை சென்ட்ரலிலிருந்து புகை கக்கிப் புறப்பட்டு, பெரம்பூரையும் அம்பத்தூரையும் கடந்து ஆவடி வந்து சேர்ந்தது.