நிலவறைக்குக் கீழே ஒரு வீடு

சென்ற வாரம் தினிப்ரோ ஆற்றோடு நடந்து, கவிஞர் ஷெவ்செங்கோ அடக்கமாகியிருக்கும் கானிவ் குன்றுவரை வந்தோம். அங்கிருந்து சற்றுத் தெற்கே போனால் மெஷிரிச். ரோஸ் ஆற்றில் ரோசாவா வந்து கலக்கும் இடத்தில் அமைந்த சிற்றூர். 'ஆறுகளின் நடுவே' என்பதுதான் ஊர்ப் பெயரின் பொருள். பெயர் வைத்தவர்கள் நிலத்தைப் பார்த்தே வைத்திருக்கிறார்கள்.

உக்ரைன் கிராமத்து வீடு ஒவ்வொன்றுக்கும் 'போஹ்ரிப்' உண்டு. மண்ணைத் தோண்டி அமைக்கும் நிலவறை அது. உருளைக்கிழங்கு, பீட்ரூட், ஊறவைத்த முட்டைக்கோஸ் எல்லாம் பனிக்காலம் முழுவதும் உறையாமலும் அழுகாமலும் அங்கே இருக்கும். 1965இல் மெஷிரிச் விவசாயி ஒருவர் தம் நிலவறையைப் பெரிதாக்கத் தோண்டினார். மண்வெட்டி ஒரு பெரிய எலும்பில் முட்டியது. அது மாமூத் யானையின் கீழ்த்தாடை.

கீவிலிருந்து தொல்லுயிரியல் அறிஞர் இவான் பிதோப்ளிச்கோ வந்தார். தோண்டத் தோண்ட எலும்புகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தது புலப்பட்டது. அது பனியுக மனிதர்களின் வீடு! ஏறத்தாழ ஐந்து மீட்டர் குறுக்களவுள்ள வட்டக் குடிசை. அதற்கு மட்டும் 385 எலும்புகள். 95 கீழ்த்தாடைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, பாய் முடைவதுபோல் சுவரெடுத்திருந்தார்கள். கூரைத்தோல் காற்றில் பறக்காமல் இருக்கத் தந்தங்களைப் பாரமாக வைத்திருக்க வேண்டும். இது அவசரத்தில் போட்ட கூடாரம் இல்லை. எந்த எலும்பு எங்கே பொருந்தும் என்று யோசித்துக் கட்டிய கை இங்கே தெரிகிறது. என்னை மிகவும் நெகிழ வைப்பதும் அதுதான்.

எலும்பில் ஏன் கட்டினார்கள்? பனியுகத்தின் கடைசி ஆயிரமாண்டுகளில் இங்கே புல்வெளிதான் பரந்து கிடந்தது, மரம் அரிது. எலும்பே தூணாயிற்று, எலும்பே விறகுமாயிற்று. அத்தனை மாமூத்களையும் அவர்கள் வேட்டையாடியிருக்க முடியாது. இறந்து கிடந்தவற்றின் எலும்புகளையும் பொறுக்கிச் சேர்த்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

அடுத்தடுத்த ஆண்டுகளில் மேலும் மூன்று வீடுகள் வெளிப்பட்டன. செங்காவியால் புள்ளியும் கோடும் இட்ட மாமூத் மண்டையோடு ஒன்றும் கிடைத்தது. ஆம்பர் துண்டுகளும் தொலைவிலிருந்து வந்த சிப்பிகளும் கிடைத்தன. அந்தக் குளிரிலும் மனிதர்கள் நெடுந்தூரம் நடந்திருக்கிறார்கள், பண்டம் மாற்றியிருக்கிறார்கள், அழகுக்கு ஆசைப்பட்டிருக்கிறார்கள்.

இவற்றைக் காத்துத் தந்தது காற்று. பனிப்பாறைகளின் ஓரத்திலிருந்து அது அள்ளிவந்த 'லோயஸ்' என்னும் நுண்மண், சுண்ணாம்புச் சத்தோடு எலும்புகளை மூடிக்கொண்டது. உக்ரைனின் புகழ்பெற்ற கரிசல் விளைந்ததும் பெரும்பாலும் இந்த மண்ணின் மேல்தான்.

வீடுகளைச் சுற்றிக் குழிகளும் இருந்தன. சில குழிகளில் இறைச்சியைச் சேமித்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. உறைந்த நிலம் அதற்கு வசதியானது. அப்படியானால் 1965இல் மண்வெட்டி எடுத்தவரும் ஏறத்தாழ 18,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்தவர்களும் தோண்டியது ஒரே தேவைக்குத்தான்: குளிர்காலத்துச் சாப்பாடு.

முதல் வீட்டை எலும்பு எலும்பாகப் பெயர்த்துப் போய், கீவ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மறுபடி எழுப்பினார்கள். நிலவறைகளோ மறுபடி மனிதர் தங்கும் இடமாயின: 2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்த பிறகு உக்ரைனின் எத்தனையோ கிராமங்களில், கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் போர்வை விரித்து, பிள்ளைகளை நிலவறைகளில்தான் தூங்க வைத்தார்கள்.

(தொடரும்)